நடுப் பாலைவனத்தில் ஒரு தமிழ் வீடு

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாமல், ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர் பாலைவனத்தை ஆறு வருடம் ஓயாமல் காரில் கடந்தவர் உலகத்தில் ஒருவர்தான். இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், கபோ சந்தைக்குப் பின்னால், என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஊரெல்லாம் அவரை "அவுஸ்திரேலியா அண்ணை" என்றது. அதுவரை அவர் அவுஸ்திரேலியாவைக் கண்டது வரைபடத்தில் மட்டும்தான்.

அந்த வரைபடம் எங்கள் சமையலறைச் சுவரை முழுதாகப் பிடித்திருந்தது. அடுப்புப் பக்கம், விமானம் போய் இறங்கும் அடிலெய்ட். குளிர்ப்பெட்டிப் பக்கம், அங்கேயிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர் தள்ளி, செம்மண்ணுக்கு நடுவே, ஒரு சின்னச் சுரங்க ஊர். அங்கே அவருடைய தம்பி சுரங்கத் தொழிலாளருக்குச் சமைக்கிறான். அகதியாகப் படகில் போய் இறங்கியவன்; நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

"அப்ப அவரை அடிலெய்டுக்கு வரச் சொல்லுங்கோவன். நீங்கள் ஏன் பாலைவனத்துக்குள்ளை கார் ஓட்டோணும்?" என்றேன்.

"அவனும் வாறனெண்டுதான் சொல்லுறான். எனக்கு முகத்தை மட்டும் பாத்தால் காணாது, தம்பி. எங்கை படுக்கிறான், என்ன தின்னுறான் எண்டு கண்ணாலை பாக்கோணும். போனிலை கேட்டால் எல்லாம் வசதியெண்டுதான் சொல்லுவான். நானும் அவனுக்கு அப்பிடித்தானே சொல்லுறன்" என்று, ஒழுகுகிற எங்கள் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் மூன்று முறை விழுந்தார். அவுஸ்திரேலியாவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும். அண்ணை அந்த நினைப்பிலேயே இத்தாலிக்காரனுக்குப் பதில் சொன்னார். நாலாம் முறை தப்பிப் பிழைத்து ஓட்டப் பழகப் போனவர், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலைய வாசலில் திடீரென்று பிரேக்கை மிதித்து, "கங்காரு பாய்ஞ்சால் இப்பிடி நிப்பாட்டினால் சரியோ?" என்று பயிற்றுநரிடம் இத்தாலிய மொழியில் கேட்டிருக்கிறார். பின்னால் வந்த பஸ் சாரதி, சிசிலிப் பாஷையில் அண்ணையின் தாயாரை விசாரித்தான்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, வழியில் ஓர் இரவு எங்கே தங்குவது என்பது. ஹோட்டல் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

"ஹோட்டலிலை படுக்க நாங்கள் என்ன ஆக்கள் இல்லாதவங்களே?"

ஆகவே பலேர்மோவில் கண்ட தமிழரையெல்லாம் மறித்தார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஓர் அக்காவைக்கூட விடவில்லை.

"உங்கடை ஆக்கள் ஆரும் அவுஸ்திரேலியாவிலை இருக்கினமோ?"

"ஓம், மெல்பேர்னிலை ரெண்டு மச்சாள்மார்."

"பாலைவனப் பக்கம்?"

"ஐயோ, அங்கை ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரைக்கூட அனுப்பேல்லையோ?" என்று அண்ணை மனம் நொந்து கேட்டார். அந்த அக்கா கத்தரிக்காயை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டா.

ஐந்தாம் வருடம் அகப்பட்டது ஒரு வீடு. நடுவழியில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவர். போனில் மூன்று நிமிடத்துக்குள் அண்ணை அவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, பெயரும் எழுதினார். ஆறாம் வருடம் விசா வந்தது. டிக்கெட் போட்டார். பயணத்துக்கு ஒரு கிழமை இருக்க, அந்தத் தாதிக்குச் சிட்னிக்கு மாற்றலாகிவிட்டது.

அண்ணை பெட்டியைத் திறந்து உடுப்புகளை வெளியே எடுக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? வழியிலை பெற்றோல் செட்டோடை அறை இருக்கு. அதிலை படுத்திட்டு விடிய வெளிக்கிடுங்கோ!"

"படுக்கலாம். சாப்பிட்டியோ எண்டு ஆர் கேப்பினம்?"

"நான் போன் எடுத்துக் கேக்கிறன். உடுப்பை உள்ளை வையுங்கோ" என்று கத்தினேன். அவர் உடுப்புகளை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

அவர் பெற்றோல் செட் அறையில் தங்கிய அன்று, அங்கே இரவு எட்டு மணியாக இருந்தபோது எனக்கு இங்கே மத்தியானம். வேலை செய்கிற வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைப் போட்டுவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம் தம்பி. பாணும் சம்பலும். நீ?"

மறுநாள் தம்பியின் அறையிலிருந்து குரல் செய்தி வந்தது. "கட்டில் நல்ல கட்டில். ஏசியும் இருக்கு. இவன்ரை கறியிலைதான் உப்புக் காணாது." அதற்குமேல் அண்ணையால் கதைக்க முடியவில்லை. பக்கத்தில் தம்பியும் அழுகிற சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம்தான் வரைபடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி அங்கேயே இருந்தது. தாதியின் பெயரை வெட்டிவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார்.

அண்ணை திரும்பி வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. வீட்டுக்கார அம்மா சமையலறைக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினா. வரைபடம் இருந்த சுவரைக் காட்டி, அதில் ஈரம், இப்போது தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.