விடுமுறை நாளில் பெய்யாத மழை

கோடை இடிமழை முன்னறிவிப்பின்றி வருவதால் பொதுமக்களுக்கு இடையூறு நேர்வதாக மேலிடத்துக்குத் தெரியவந்தது. எனவே 1972-ஆம் ஆண்டு சித்திரையில், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரொன்றில் ‘வார இறுதி இடிமழை முன்னறிவிப்புப் பிரிவு’ திறக்கப்பட்டது. அதற்கு ஒரு மழைமானியும், ஏழு வருடத்து மழைப் பதிவேடும், குப்புராஜ் என்ற அலுவலரும் வழங்கப்பட்டனர்.

குப்புராஜ் வானத்தைப் பார்ப்பதில்லை. வானத்தில் யாருடைய கையெழுத்தும் இருப்பதில்லை அல்லவா?

ஒரு சனிக்கிழமை மதியம் ராயம்மாள் வந்தாள். மூன்று மரத்துப் புளியை உடைத்துக் கொட்டை எடுத்து வைத்திருந்தாள். இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். திங்கட்கிழமை வியாபாரி வருவார்; ஈரப் புளியைத் தொடமாட்டார். அந்தப் புளியை நம்பித்தான் வீட்டுக்கு ஓடு மாற்ற இருந்தாள்.

“நாளைக்குப் பாறையிலே காயப்போடலாமுங்களா சார்?”

“தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் மழை பெய்ததே இல்லை. திங்கட்கிழமைதான் பலமாகப் பெய்யும்.”

“போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி நனைஞ்சிக்கிட்டுத்தானுங்களே வூட்டுக்குப் போனேன்?”

“அது பதிவாகவில்லை அம்மா.”

உண்மைதான். மழைமானியில் தேங்கிய நீரைத் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுத வேண்டும். ஞாயிறு விடுமுறை. அன்று பெய்ததைத் திங்கட்கிழமை காலையில் அளந்து, திங்கட்கிழமை பெயரிலேயே எழுதுவார்கள். ஆகவே ஏழு வருட ஞாயிறுகளும் பதிவேட்டில் சுத்தமாகக் காய்ந்து கிடந்தன.

மேற்கே இருட்டிக்கொண்டு வருவதை ராயம்மாள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அலுவலக வாசலில் சீல் போட்டு ஒட்டியிருக்கும் அறிவிப்பை விட நீ பெரிய ஆளா என்று கொழுந்தன் சின்னப்பன் கேட்டான். ஊரே புளியைப் பாறையில் பரப்பியது.

ஞாயிறு மூன்று மணிக்கு இடித்தது. அரை மணி நேரத்தில், ரசத்துக்குக் கரைத்ததுபோலப் புளி ஓடையில் இறங்கிப் போயிற்று.

மறுநாள் ராயம்மாள் நிவாரணம் கேட்டு வந்தாள். ஊரும் பின்னாலேயே வந்தது. குப்புராஜ் அப்போதுதான் அளந்து முடித்து, திங்கட்கிழமைக்கு நேராக நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை மழை வரும் என்று முன்பே எச்சரித்தாயிற்று. எனவே மழை நிவாரணத்துக்கு வழியில்லை என்றார்.

ராயம்மாள் நகரவில்லை. குப்புராஜ் யோசித்து வேறொரு படிவத்தை எடுத்தார்.

“ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மழையில்லாத ஊர். ‘ஞாயிறு வறட்சி’ என்று எழுதினால் குடும்பத்துக்கு ஒரு மூட்டை கேழ்வரகு கிடைக்கும். நேற்று மழை பெய்யவில்லை என்று கைநாட்டு வையுங்கள்.”

ராயம்மாள் ஓடையிருந்த திசையைப் பார்த்தாள். இன்னும் காயாத சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாள். ஊரே வரிசையில் நின்று வைத்தது.

வரிசையின் கடைசியில் நின்ற சின்னப்பன், சனிக்கிழமைக்கும் விடுமுறை விடச் சொல்லி ஒரு மனு எழுத முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.