கருகாத கன்றுகள்

"செடியெல்லாம் எப்படிங்க இருக்கு?" என்று போனில் கேட்டாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆய்வாளர், அழாத குறையாக.

செடி நன்றாக இருக்கிறதே என்று மூக்கைச் சிந்துகிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். எலுமிச்சை இலையைக் கருக்கிக் காயை உதிர்க்கும் ஒரு பாக்டீரியாவை அவர் கண்டுபிடித்திருந்தார். மரபணுவையும் பார்த்தாயிற்று. இதுவரை யாரும் வகைப்படுத்தாத புத்தம்புதுக் கிருமி, பெயர் வைக்கும் உரிமை அவருக்கே. ஆனால் நல்ல கன்றில் அதை ஏற்றி, அதே நோயை வரவழைத்துக் காட்டினால்தான் உலகம் நம்பும். இந்த மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவதாக நிலைய இயக்குநர் சொல்லிவிட்டார். ஒன்பது வருட உழைப்பு அது.

ஆறு கன்றுகளுக்கு ஊசி போட்டுக் கண்ணாடிக் குடிலைப் பூட்டினார். நாலு நாளைக்கு யாரும் நுழையக் கூடாது. அவரே நுழைய மாட்டார். தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரம்மாவுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஐந்தாம் நாள் திறந்தார். ஆறும் பளபளவென்று நின்றன.

"டோஸ் பத்தலை போலிருக்கு," என்று இரண்டு மடங்கு ஏற்றினார். அடுத்த முறை திறந்தபோது கன்றுகள் ஒரு சாண் உயர்ந்திருந்தன.

இலையைக் கீறிக் காயத்தில் தடவினார். பூ விட்டது.

"கொஞ்சம் வாடித் தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று ஒரு கன்றைக் கட்டிக்கொண்டு விசும்பினார். கண்ணாடிக்கு வெளியே நின்ற தோட்டக்காரம்மாவுக்குப் பேச்சு கேட்கவில்லை, அழுகை மட்டும் தெரிந்தது. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று மடங்கு ஏற்றினார். மாதக் கடைசியில் இயக்குநரோடு கதவைத் திறந்தால், ஒரு கன்றில் நெல்லிக்காய் அளவுக்குக் காயே தொங்கியது.

"யோவ், இதுவா நோய்க் கிருமி? டானிக்குய்யா!"

"சார், தோட்டத்துல கருக்கிச்சு சார். நானே பாத்தேன்..."

"கண்ணு முன்னால காய் தொங்குது, கருக்கிச்சுங்கறியே! வகையை மாத்தி எழுது. பயிர் வளர்க்கும் நன்மைக் கிருமின்னு போடு. என் பேரையே வச்சுடு."

வேலை பிழைத்ததே என்று ஆய்வாளர் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு குடுவை நிறையக் கிருமியோடு போன இயக்குநர் சாயங்காலமே போன் செய்தார். "வீட்டுத் தோட்டத்துல நாப்பது எலுமிச்சைக்கும் தெளிச்சாச்சுய்யா!"

போனை வைத்து நிமிர்ந்தால், தோட்டக்காரம்மா தயங்கித் தயங்கி எதிரே நின்றாள்.

"இனிமே அழாதீங்க சார். நீங்க ஊசி போட்ட ரெண்டாம் நாளே எல்லாம் கரிக்கட்டையாப் போயிடும். உங்க மனசு தாங்காதேன்னு, ஒவ்வொரு தடவையும் நான்தான் நல்ல கன்னா பாத்து மாத்தி வச்சுக்கிட்டிருந்தேன்."