நடுக்கடலில் காணாமல் போன மூன்று பொத்தான்கள்

எனக்குப் பயம் அதிகம். இதை ஒளித்துப் பயனில்லை. புத்தளத்துத் தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் திரியும் கழுதைகளுக்கே அது தெரியும். நான் வருவதைக் கண்டால் அவை நகர்வதில்லை. இந்த மனிசிதான் மதிலோடு ஒட்டிக்கொண்டு போவாள் என்று பழகிவைத்திருக்கின்றன. இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், பாடசாலையைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்குப் பயம். பிறந்து வளர்ந்தது புத்தளத்தில்தான் என்றாலும், களப்புத் தண்ணீரில் கணுக்கால் நனைந்ததோடு என் நீச்சல் வரலாறு முடிந்துவிட்டது.

பயந்தவர்கள் எதையாவது நம்பினால் முழுதாக நம்பிவிடுவார்கள். நான் நம்பியது என் போன் திரையின் அடியில் இருந்த மூன்று பொத்தான்களை. முக்கோணம், வட்டம், சதுரம். நான் கணித ஆசிரியை. (எனக்கென்றே செய்த போன் என்றுதான் நினைத்திருந்தேன்.) முக்கோணத்தைத் தொட்டால் பின்னுக்குப் போகலாம். வட்டத்தைத் தொட்டால் எங்கே சிக்கியிருந்தாலும் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம். சதுரம் எதற்கென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனாலும் அது அங்கே இருந்தது ஒரு ஆறுதல்.

இரண்டு வருஷங்களுக்கு முன், டிசம்பர் விடுமுறையில், என் கணவரின் தங்கை நஸ்ரின் கொழும்பிலிருந்து இரண்டு மகள்மாரோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாயும் வேகம், விரலும் வேகம். மறுநாள் கற்பிட்டிக்குப் போய்ப் படகில் ஏறி டொல்பின் பார்ப்பது என்று அவளே முடிவெடுத்தாள். மாலையில் படங்களை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது, என் போனை வாங்கிப் பார்த்தாள்.

“மதினி, இன்னமும் இந்தப் பட்டன் மூன்டையும் வெச்சித் தட்டிக்கிட்டா இருக்கீங்க? எங்கட ஒபிஸ்ல வாசல்ல நிக்கிற மனிசன் கூட இப்ப இழுத்துத்தான் பாவிக்கிறாரு.”

“எனக்கு இதுவே போதும் நஸ்ரின்.”

“ரெண்டு நிமிசம் தாங்க.”

ரெண்டு நிமிசம்தான் எடுத்தது. போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது முக்கோணம் இல்லை, வட்டம் இல்லை, சதுரமும் இல்லை. அடியில் தலைமயிர் மாதிரி ஒரு மெல்லிய கோடு மட்டும் கிடந்தது. கீழேயிருந்து மேலே இழுத்தால் முதல் பக்கம்; ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் பின்னுக்கு; மேலே இழுத்து நிறுத்திப் பிடித்தால் வேறு என்னமோ. அதோடு விடாமல், “இன்னொரு விசயமும் செஞ்சி வெச்சன். ஆபத்து அவசரம்னா இந்தப் பக்கத்துப் பட்டன அஞ்சு தரம் கெதியா அமத்துங்க. நீங்க கூடக் கதைக்கிற மூனு பேருக்கு மெசேஜ் போகும்” என்றாள். அந்த நேரம் அடுப்பில் இறைச்சி அடிப்பிடிக்கப் பார்த்ததால் “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வாழ்க்கையில் கவனமில்லாமல் சொன்ன “ஓம்”களில் அதுதான் விலை கூடியது.

அடுத்த நாள் காலை கற்பிட்டிக் கடற்கரையில் எல்லோருக்கும் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். என் கணவருக்கு மட்டும் இல்லை. அந்த வருஷம்தான் அவருடைய நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஓடக்கூடாது, குலுங்கக்கூடாது, அதிர்ச்சியான செய்தி கேட்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அவர் படகுக்காரரின் மனைவி மேரி அக்கா நடத்தும் தேநீர்க் கொட்டிலில், வெள்ளைச் சாரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். டயர் கடையில் நாள் முழுக்க நின்றவருக்கு அது சுகமான இடம். கடலுக்குப் போகாமலிருக்க இரண்டு ஸ்டென்ட் கிடைத்த மனிதரைப் பார்த்து, அல்லாஹ் மன்னிக்கவேண்டும், நான் பொறாமைப்பட்டேன்.

“பயப்புடாத. போன் கையில இருக்குத்தானே” என்றார் அவர்.

படகுக்காரர் சேவியர் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். அரை மணித்தியாலம் படகு ஓடியது என்று சொல்வதைவிடக் குதித்தது என்று சொல்லலாம். ஒவ்வொரு குதிப்புக்கும் நான் ஒரு கலிமா ஓதினேன். கரை ஒரு கோடாகி, அதுவும் மறைந்தது. அதற்குப் பிறகு அவர் திடீரென்று எஞ்சினை நிறுத்தினார்.

“ஏன் நிப்பாட்டினீங்க? பழுதா?” என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

“பழுதில்ல மிஸ். சத்தம் கேட்டா அதுகள் வராது.”

அதுகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. பிள்ளைகள் கத்தினார்கள். நஸ்ரின் இரண்டு மகள்மாரையும் அணைத்துக்கொண்டு, “மதினி, எடுங்க! எடுங்க!” என்றாள்.

நான் கமெராவைத் திறந்தேன். திரையில் என் முகமே தெரிந்தது. அதைத் திருப்பப் போனவள், பழக்கதோஷத்தில் முக்கோணம் இருந்த இடத்தைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் இழுக்கவேண்டும் என்ற ஞாபகம் வந்து, ஒரு இழுப்பு இழுத்தேன். கமெரா போய் ஆறாம் வகுப்புப் புள்ளிப் பட்டியல் வந்தது. இன்னொரு இழுப்பு. கணிப்பான் வந்தது. மேலே இழுத்தேன், பக்கமாக இழுத்தேன், உப்புத் தண்ணீர் பட்ட விரலால் திரை முழுக்கத் துடைத்தேன். எல்லாப் பக்கங்களும் சீட்டுக்கட்டு மாதிரிச் சிறுத்து வரிசையாக ஓடின. பிறகு திரை இருண்டது.

போனில் உண்மையான பொத்தான் என்று மிஞ்சியிருந்தது பக்கத்தில் இருந்த ஒன்றுதான். முங்குகிறவன் எதையும் பிடிப்பான். நான் அதைப் பிடித்து அமத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கைக்குள் குளவிக்கூடு அகப்பட்ட மாதிரிப் போன் அதிர்ந்தது. செத்துப்போகிறது என்று நினைத்தேன்.

அதே நேரம் டொல்பின் கூட்டம் படகுக்கு அடியால் மறுபக்கம் போக, பிள்ளைகள் இருவரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். படகு சரிந்தது. நான் அலறினேன்.

அந்த நேரம் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நான் அனுப்பிய அவசரச் செய்தி வெறும் எழுத்தாகப் போகவில்லை. நாங்கள் இருந்த இடம் போனது. வரைபடத்தில் அது சுத்தமான நீல நிறம். இரண்டு படங்கள் போயின. ஒன்றில் வாயைப் பிளந்த என் பாதி முகம். மற்றதில் சாய்ந்த தண்ணீர், வேறொன்றுமில்லை. கூடவே ஐந்து செக்கன் ஒலிப்பதிவும் போனது. அதில் என் குரல், “யா அல்லாஹ், எல்லாம் போய்ட்டு!” என்கிறது. நஸ்ரின், “அந்தா, தண்ணிக்குள்ள போகுது!” என்கிறாள். கடைசியாகச் சேவியர் அண்ணன், “ஒரு பக்கமா வராதீங்க, போட் கவுளும்!” என்கிறார்.

இது போய்ச் சேர்ந்த மூன்று பேர்: தில்லையடியில் இருந்த என் அண்ணன், அதாவது என் நானா; எங்கள் பாடசாலை அதிபர்; மேரி அக்காவின் கொட்டிலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர்.

சிறிது நேரத்தில் என் போன் அடித்தது. எடுக்கப் பார்த்தேன், ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. பக்கத்துப் பொத்தானை அமத்தினேன். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது. மீண்டும் அடித்தது, மீண்டும் அமத்தினேன். இப்படிப் பதினொரு தடவை. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. அந்தப் போன் என்னைத் துரத்துகிறது என்ற பயம்தான் இருந்தது. கடைசியில் அதைக் கைப்பையின் அடியில் போட்டு, மேலே நான் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்து அடித்தது சேவியர் அண்ணனின் போன். காற்றில் கேட்காதென்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். மேரி அக்காவின் அழுகுரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“என்னங்க, உயிரோடயா இருக்கீங்க?”

“பின்ன ஆரு போன எடுத்தது?”

“போட் கவுந்திட்டுதெண்டு சொன்னாங்களே!”

“எந்தப் போட்?”

“உங்கட போட்!”

சேவியர் அண்ணன் குனிந்து தன் காலடியை ஒருதரம் பார்த்துக்கொண்டார். “நான் அதிலதானே நிக்கிறன்.”

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்கும். ஆனால் மேரி அக்கா நிறுத்தவில்லை.

“அந்த மிஸ்ஸிட மாப்பிள, நம்மட கொட்டில்ல இருந்தவரு, போன்ல என்னமோ கேட்டாரு. கேட்டிட்டு நெஞ்சப் பொத்திக்கிட்டு ஓடினாரு. நாலு பேர் புடிச்சும் நிக்கல்ல. மத்தப் போட்டுல ஏறி வாறாரு.”

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அந்த நிமிஷம் விளங்கியது. ஓடக்கூடாது என்றார்கள், ஓடியிருக்கிறார். குலுங்கக்கூடாது என்றார்கள், அந்த அலைகளில் வருகிறார். அதிர்ச்சியான செய்தி கூடாது என்றார்கள். அதை என் சொந்தக் குரலிலேயே அனுப்பிவைத்திருக்கிறேன்.

“அண்ணன், கரைக்குத் திருப்புங்க. கெதியா போங்க” என்றேன். நஸ்ரின் என் கணவரின் போனுக்கு எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். பதிலில்லை. படகு முன்னையைவிட மோசமாகக் குதித்தது. நான் ஒரு கையால்கூட எதையும் பிடிக்கவில்லை. எழுந்து நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (நான் நின்றதாக நஸ்ரின்தான் பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகமில்லை.)

தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அதில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேரும் அவரில்லை. கிட்ட வந்தபோது, அடித்தளத்தில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பது தெரிந்தது.

ஐந்து செக்கனில் அவ்வளவு கத்தியவளுக்கு அப்போது ஒரு எழுத்தும் வரவில்லை. நஸ்ரின்தான், “நானா!” என்று கூப்பிட்டாள்.

படுத்திருந்தவர் மெல்லத் தலையைத் தூக்கினார். எங்களைப் பார்த்தார். படகின் விளிம்புக்கு ஊர்ந்து போய், கடலுக்குள் வாந்தி எடுத்தார்.

“கடல் ஒத்துக்கொள்ளல்ல மிஸ். ஏறினதிலிருந்து இப்பிடித்தான்” என்றார் கூட வந்த மீனவர்.

இரண்டு படகுகளையும் ஒட்டிப் பிடித்தார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். எண்ணி முடித்து இன்னொரு தடவையும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

“போன எடுக்க ஏலாதா உனக்கு?”

நான் அவருடைய கையைப் பிடித்தேன். கரை வரும்வரை விடவில்லை. இரண்டு படகுக்காரர்களும் அதற்கேற்றாற்போல் மெதுவாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவேண்டியதாயிற்று.

கரையில், செய்தி கேட்டு ஓடி வந்த என் நானா, ஒரு பாதம் செருப்போடும் மறு பாதம் செருப்பில்லாமலும் நின்றார். நேரே டொக்டரிடம் போனோம். அவர் என் கணவரின் நெஞ்சைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்றார். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் மருந்து எழுதினார்.

அங்கே காத்திருக்கும்போது நஸ்ரின் என் போனைத் துடைத்து உயிர்ப்பித்துத் தந்தாள். அதிபர் அந்த ஒலிப்பதிவை “துஆச் செய்யவும்” என்று ஆசிரியர் குழுவில் போட்டிருந்தார். அப்படிப் பிரார்த்தித்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் நேரே அனுதாபத்துக்குப் போய்விட்டார்கள். ‘நல்ல மனிசி, புள்ளி போடுவதில்தான் கொஞ்சம் கை இறுக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், அடுத்த தவணை ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தை யார் எடுப்பது என்று கேட்டிருந்தார். நான் இறந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு விஞ்ஞான ஆசிரியர், ‘என்னால் ஏலாது’ என்று உடனே பதில் போட்டிருந்தார்.

நான் உயிரோடு இருப்பதாக எழுதத் தொடங்கினேன். ஒரு இழுப்பில் அதுவும் காணாமல் போனது. நஸ்ரின் போனை வாங்கி, மூன்று பொத்தான்களையும் திரும்ப வைத்துத் தந்தாள். இன்றுவரை அவை அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் கொழும்புக்குத் திரும்புவதற்கு முன் அவள் தன் நானாவின், அதாவது என் கணவரின், போனிலும் ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அவருக்கு எடுத்தால், மணிக்குப் பதிலாக அந்த ஐந்து செக்கன் ஒலிக்கும். மீன் சந்தையில் ஒலித்திருக்கிறது. வங்கியில் ஒலித்திருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வில் மாப்பிள்ளை பேனையை எடுத்துக் கையெழுத்துப் போடக் குனிந்த அந்தக் கணத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து நான் அவருக்கு எடுக்க, “யா அல்லாஹ், எல்லாம் போய்ட்டு!” என்று என் குரல் சபை முழுக்கக் கேட்டிருக்கிறது. அந்த மாப்பிள்ளையின் வீட்டுக்காரர்கள் இன்றும் என்னைக் கண்டால் முதலில் அதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று நிக்காஹ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை பிடித்தேன். “இத மாத்துங்க. எனக்கு வெளிய தல காட்ட ஏலாம இருக்கு.”

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

“அண்டைக்கு இந்தச் சத்தத்தக் கேட்டுப்போட்டு பதினொரு தரம் எடுத்தன். நீ கதைக்கல்ல” என்றார். “இப்ப இது அடிச்சா, எடுத்தோடன உன்ட குரல் வருது. அது இருக்கட்டும்.”

நேற்றும் தேங்காய் வாங்கி வரச் சொல்ல அவருக்கு எடுத்தேன். முதலில் டயர் கடையில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் வந்தது. பிறகு அவர், “சொல்லு” என்றார்.