ஹெர் கெர்பருக்கு ஒதுக்கிய அறை

அபி, கவின், இரண்டு பேரும் எழுத்துப்பிழை பிடிக்காமல் இதை வாசியுங்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். (விட்டதற்கு நாட்டு நிலைமைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கணக்குப் பாடத்துக்கும் அதில் பங்கு உண்டு.) நத்தார்ப் பண்டிகை விருந்து தோறும் நீங்கள் சொல்லிச் சிரிக்கிற கெர்பர் கதையை, அதில் மாட்டுப்பட்டவனே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லவேண்டும் அல்லவா? முதலே ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் பாதிதான் விளங்கியிருக்கிறது.

ஜெர்மனியில் உலகக்கிண்ணக் கால்பந்து நடந்த வருடம். ஹனோவரில் நாங்கள் மூன்றாம் மாடி, ஹெர் கெர்பர் இரண்டாம் மாடி. ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து கனகாலம். நீங்கள் அவரை ஓப்பா என்று கூப்பிடுவீர்கள், அவரும் ஒரு தாத்தா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். எனக்கோ அவர்தான் கண். அரசாங்கக் கடிதம் வந்தால் நான் உறையைக்கூடப் பிரிக்கமாட்டேன். அப்படியே கீழே கொண்டுபோய் நீட்டுவேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "பயமில்லை" என்பார், அல்லது "கொஞ்சம் பயம்" என்பார். அந்த வருடம் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அரசாங்க அலுவலகத்தில் கிடந்தது. வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தது.

பதிலுக்கு நான் செய்த உபகாரம் ஒன்றே ஒன்று. படியில் கண்டால் கேட்பேன்: "ஹெர் கெர்பர், சாப்பிட்டீர்களா?" வேறு என்னத்தைக் கேட்பது? காலநிலையைப் பற்றிக் கதைக்கும் அளவுக்கு என்னிடம் டொச் பாஷை இருக்கவில்லை.

ஒருநாள் கடிதத்தை வாசித்து முடித்தவர், கண்ணாடியைக் கழற்றியபடி சொன்னார்: "இலையுதிர் காலம் முடிய முன்னர் நான் தாய்லாந்துக்குப் போகிறேன். ஒரேயடியாக."

தாய்லாந்தில் நான் நாற்பத்தொரு நாள் இருந்திருக்கிறேன். ஜெர்மனிக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் எங்களைப் பாங்கொக்கில் ஒரு அறையில் போட்டுவைத்தான். பதினொரு பேர், ஒரு கக்கூசு, யன்னல் திறக்கத் தடை. நான் பார்த்த தாய்லாந்து கூரையில் சுற்றிய ஒரு மின்விசிறிதான். அங்கிருந்து இங்கே வருவதற்கு நான் பட்ட பாடு கடவுளுக்குத் தெரியும். இந்த மனிதன் இங்கிருந்து அங்கே போகிறேன் என்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டு!

"ஏன்?" என்று கேட்டேன்.

"வெயில்" என்றார். வெயிலுக்கு ஆசைப்பட்டு ஒரு மனிதன் நாடு மாறுவான் என்று நான் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் குடை பிடித்து வளர்ந்தவர்கள். அடுத்த நாள் திரும்பக் கேட்டேன். "முழங்கால்" என்றார். குளிருக்கு நோகிறதாம், அங்கே நோகாதாம். மூன்றாம் நாள், அங்கே ஓய்வூதியம் தாராளமாகக் காணும் என்றார். நாலாம் நாள், காலையில் கடலில் நீந்தலாம் என்றார். நாளுக்கு ஒரு காரணம் சொல்கிறவன் உண்மையான காரணத்தை மறைக்கிறான் என்பது என் அனுபவம். (நானும் அகதி விசாரணைக்குப் போய் வந்தவன்தானே.)

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்மையான காரணம் பிடிபட்டது. அவருடைய மகள் உல்ரிக்கே வந்திருந்தாள். கீழே ஒரே சத்தம். நான் கதவை நீக்கிக் காதைக் கொடுத்தேன். அந்த வேகத்துக்கு எனக்கு டொச் பிடிபடாது. ஆனால் கதவு அடித்துச் சாத்தப்படுவது எந்த மொழியிலும் விளங்கும். அவள் முகம் சிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை வேலையிடத்தில் மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன். மன்னார் ஆள், என்னோடு ஹோட்டல் சலவைப் பகுதியில் நின்றவர். ஜெர்மன்காரரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"மகள் துரத்துறாளடாப்பா" என்றார், விரிப்பை மடித்தபடி. "இஞ்சத்தைப் பிள்ளையள் அப்பிடித்தான். மனுசன் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிடுறார். வெளியில சொல்ல வெக்கம், அதான் முழங்கால் எண்டுறார்."

"என்ன செய்யலாம் அண்ணை?"

"ஆரும் பெரியாக்கள் நடுவில நிண்டு சமாதானம் பேச வேணும்."

கட்டிடத்தில் வேறு பெரிய ஆள் யார்? நான்தான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

(இன்னொரு உண்மையையும் எழுதிவிடுகிறேன். அவர் போனால் என் கடிதங்களை யார் வாசிப்பது என்ற பயமும் உள்ளே இருந்தது. அதை அப்போது நான் கருணை என்று நினைத்துக்கொண்டேன்.)

உங்கள் அறையை ஒதுக்கினேன். இரண்டடுக்குக் கட்டிலைக் கழற்றி விறாந்தையில் பொருத்தினேன். புதுப் படுக்கை விரிப்பு, பூப் போட்டது, வாங்கிவந்தேன். உங்கள் அம்மா கதவடியில் நின்று பார்த்தார்.

"இஞ்சரப்பா, அந்தாளிட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"கேட்டா ஓமெண்டு சொல்லுவாரோ? மானமுள்ள மனுசன்."

"அவர் ஆசைப்பட்டுப் போறார் போல கிடக்கு."

"உமக்கு ஒண்டும் விளங்காது" என்றேன். அந்த வீட்டில் அன்று விளங்கியிருந்த ஒரே ஆள் அவர்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் வீட்டில் பிரியாவிடைக் கோப்பி. இரண்டு ஐம்பதுக்கே இறங்கிவிட்டோம். பத்து நிமிடம் கதவுக்கு வெளியே நின்றோம். அம்மாவின் கையில் ஒரு தட்டு ரோல்ஸ். உள்ளே அவருடைய பழைய ட்ராம் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர், அன்னாசிக் கேக், மூலையில் உல்ரிக்கே.

கேக் வெட்டி முடிந்ததும் நான் எழும்பிக் கோப்பையில் கரண்டியால் தட்டினேன். இதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். மூன்று நாளாக உலர்த்தும் மெசினுக்கு முன்னால் பாடமாக்கிய பேச்சு.

"மதிப்புக்குரிய மகளே!" என்று டொச்சில் தொடங்கினேன். "தகப்பன் பழைய அலுமாரி இல்லை. பழைய அலுமாரியைத் தெருவில் வைக்கலாம். தகப்பனை வைக்கக் கூடாது."

ஒரே அமைதி. கவனமாகக் கேட்கிறார்கள் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தாய்லாந்து எனக்குத் தெரியும். நான் இருந்திருக்கிறேன். பதினொரு ஆண்கள், ஒரு கழிவறை. யன்னல் திறக்க முடியாது. வெளியே போனால் பொலிஸ்."

ஒரு ட்ராம்காரர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த ஹோட்டல்?" என்று கேட்டார்.

நான் நிறுத்தவில்லை. ஹெர் கெர்பரின் கையைப் பிடித்தேன். "போகவேண்டாம். மேலே வாருங்கள். அறை தயார். பிள்ளைகள் விறாந்தையில் படுப்பார்கள்."

உல்ரிக்கே எழும்பினாள். படபடவென்று பேசினாள். எனக்குப் பிடிபட்டது "நானா?" என்ற ஒரு சொல்தான். அபி, நீ என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாய். ஒன்பது வயது உனக்கு.

"அப்பா, இருங்கோ. அவ ஆறு மாசமா போகாதேங்கோ எண்டு அழுறாவாம். அதுக்குத்தானாம் சண்டை."

அந்த அறையில் என் பக்கம் நின்ற ஒரே மனுசியைத்தான் நான் எல்லாருக்கும் முன்னால் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

"இஞ்சரப்பா" என்று அம்மா பல்லைக் கடித்தபடி சொன்னார், "ரோல்ஸைக் குடுத்திட்டு வாங்கோ. போவம்."

ஆனால் உல்ரிக்கே இப்போது தகப்பன் பக்கம் திரும்பிவிட்டாள். "எல்லாரும் இருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள் அப்பா. வெயில், முழங்கால் கதை வேண்டாம். ஏன் போகிறீர்கள்?"

ஹெர் கெர்பர் கேக் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அபி துண்டு துண்டாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

"முப்பது வருடத்துக்கு மேலே ட்ராம் ஓட்டினேன். முதுகுக்குப் பின்னால் நூறு பேர். தலைக்கு மேலே ஒரு பலகை: சாரதியுடன் பேசக் கூடாது. ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பலகை என் கழுத்திலேயே தொங்கியது. அப்போது மேல்வீட்டுக்கு இவர் வந்தார். கண்ட நேரமெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். முதல் வருடம், இவருக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தேன். இரண்டாம் வருடம், நான் மெலிந்துவிட்டேனோ என்று வைத்தியரிடம் போய் நிறுத்துப் பார்த்தேன். மூன்றாம் வருடம், அந்தக் கேள்விக்காகவே படியில் காத்துநின்றேன். போன குளிர்காலத்தில் விடுமுறைக்குத் தாய்லாந்து போனேன். சந்தையில் நூடில்ஸ் விற்கிறவள் கேட்கிறாள், சாப்பிட்டாயா என்று. பெட்டிக்கடைக்காரன் கேட்கிறான். வாடகை மோட்டார்சைக்கிள்காரன் கேட்கிறான். உல்ரிக்கே, அங்கே ஒரு நாடு முழுக்க மேல்வீட்டுக்காரர்!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அப்படியென்றால்," என்றாள் உல்ரிக்கே மெதுவாக, "என் அப்பாவை அனுப்புகிறவர் நீங்கள்."

தெருவில் வைக்கிற அலுமாரிக்குள் ஒரு இடம் கிடைத்திருந்தால் நான் அப்போதே புகுந்திருப்பேன். கடைசி முயற்சியாக, இங்கேயே இருந்தால் தினமும் கேட்பேனே என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை" என்றார் அவர். அதற்கு மேல் பாடமாக்கியிருந்த சொல் ஒன்றும் என்னிடம் இல்லை. வாய் தன் பாட்டில் உல்ரிக்கேயைப் பார்த்துக் கேட்டது:

"நீங்கள் சாப்பிட்டீர்களா?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு ரோல்ஸ் எடுத்தாள்.

அவர் போய்விட்டார். கட்டில் திரும்ப உங்கள் அறைக்குப் போனது, ஒரு ஆணி குறைவாக. அன்றிலிருந்து நான் யாரையும் பார்த்து "சாப்பிட்டாச்சோ?" என்று வாயெடுத்தால் போதும், கவின் கத்துவான்: "அப்பா, கவனம்! ஆள் தாய்லாந்துக்குப் போயிடும்!" வந்த விருந்தாளி முழிக்க, அம்மா கதையைத் தொடங்கிவிடுவார். அந்தப் பூ விரிப்பும் சாட்சிக்கு வெளியே வரும்.

நீங்கள் அறியாத ஒன்றை இனிச் சொல்கிறேன். அவர் போன பிறகு கொஞ்சக் காலம் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. தை மாதம் குடியுரிமை அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு அன்று லீவு, நீங்கள் பள்ளிக்கூடம், அம்மா வேலை. பழக்க தோஷத்தில் உறையைப் பிரிக்காமலே இரண்டாம் மாடிக்கு இறங்கிவிட்டேன். கதவில் வேறு பெயர் இருந்தது. திரும்ப மேலே வந்து, குசினி மேசையில் அபியின் அகராதியை வைத்துக்கொண்டு, விரலால் வரி பிடித்து வாசித்தேன். காலையில் தொடங்கியது, நீங்கள் பள்ளியால் வருவதற்குச் சற்று முன்னர்தான் முடிந்தது.

உடனே ஒரு அஞ்சலட்டை எடுத்து, ஹெர் கெர்பர் தந்துபோன தாய்லாந்து விலாசத்தை எழுதினேன். யாரிடமும் கேட்காமல், எனக்குத் தெரிந்த டொச்சில் எழுதினேன்: "கடிதம் வந்தது. நானே வாசித்தேன். பாதி விளங்கியது. அந்தப் பாதியில் பயமில்லை. சாப்பிட்டீர்களா?"

பனிக்குள் நடந்துபோய்த் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.