கத்திவாக்கத்தைத் துண்டு போட்டவர்

"இணைய வரைபடப் பக்கத்தின் பின்னணிப் படத்தை மாற்றக் கோரும் விண்ணப்பத்துக்கு, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்கப்பட வேண்டும்." எங்கள் அலுவலக நடைமுறை நூலின் இந்த விதியை நம்பிய ஒரே மனிதர், ஆசியக் கண்டத்திலேயே, ஜூம் நைனாதான். அதை எழுதியவர்கூட நம்பியிருக்க மாட்டார்.

ராயபுரத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்த நில வரைபட அலுவலகத்தில் அவர் ஒப்பந்த ஊழியர். திரையில் எந்தப் படம் வந்தாலும் மூக்கு இடிக்கும்வரை பெரிதாக்கிப் பார்ப்பார். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தைக்கூட விடவில்லை. "சார், பின்பக்கம் சாக்கடை கீது. பந்திய அந்தாண்ட போட்டுடாதீங்கோ" என்றார். போட்டோம். வருந்தினோம்.

அந்தச் சமயத்தில் கத்திவாக்கம் மீனவர் குப்பத்தின் பக்கம் ஒரு சாலைத் திட்டம் வந்தது. சாலை போகும் கோட்டை எங்கள் இணைய வரைபடத்தில் வரைந்து, ஆட்சேபம் சொல்லக் கெடுவும் வைத்தார்கள். கோட்டுக்கு அடியில் கிடந்த பின்னணிப் படமோ அரதப் பழசு. மீனவர்கள் வலை காயப்போடும் திடல் அதில் வெறும் மணலாகத் தெரிந்தது. முடிவெடுப்பவர்கள் கத்திவாக்கத்துக்கு வரப்போவதில்லை, படத்தைத்தான் பார்ப்பார்கள்.

வானிலிருந்து எடுத்த புதிய படம் எங்கள் அலுவலகத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது. நைனா அதை எழுப்பினார். முழுப் படத்தையும் ஒரேயடியாக அனுப்பினால் பார்ப்பவரின் கணினி திணறும். அதனால் சதுரம் சதுரமாக வெட்டி வைத்து, வேண்டிய துண்டை மட்டும் அனுப்ப வேண்டும். இதை அவர் டீக்கடையில் பிஸ்கட் அடுக்கி விளக்கினார்.

"கிட்டப் போவப் போவ ஒண்ணு நாலாவும், நாலு பதினாறாவும் மாமு."

"எட்டப் போனா பதினாறும் ஒண்ணாயிடுமா?" என்றார் டீக்கடைக்காரர். "அப்ப நீ எட்டப் போய் ஒண்ண துன்னு. மீதிய பாட்டில்ல போடு."

துண்டுகளின் வரிசையை மேலிருந்து எண்ணுவது ஒரு முறை, கீழிருந்து எண்ணுவது இன்னொரு முறை. நைனா கீழிருந்து எண்ணினார். எங்கள் இணையப் பக்கம் மேலிருந்து எண்ணியது. விளைவு, கத்திவாக்கம் நிலநடுக்கோட்டைத் தாண்டி இந்தியப் பெருங்கடலின் நடுவில் போய் நின்றது. அன்றைக்குப் பார்த்துத்தான் குப்பத்திலிருந்து மீன் விற்கும் தேசம்மா தன் வீட்டைக் காட்டச் சொல்லி வந்திருந்தார்.

"இன்னா நைனா, சுத்திலும் தண்ணியா கீது?"

"உன் வூடுதான்கா. கொஞ்சம் நவுந்துகினு போயிடுச்சு."

"கடலுக்குப் போறவங்கதான் நாங்க. அதுக்குன்னு வூட்டயே தூக்கிக் கடல்ல வுடுவியா?"

மறுநாளே ஊரைக் கரை சேர்த்துவிட்டார். ஆனால் அது அவருடைய கணினியில் மட்டும். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் ஏற்ற, முதலில் சொன்ன அந்த விதிப்படி தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். முறைப்படி விண்ணப்பித்தோம். அங்கிருந்து பதில் வரவில்லை, கேள்வி வந்தது. பதினெட்டாம் நிலை வரை பெரிதாக்குவது அவசியமா, பன்னிரண்டு போதாதா? பன்னிரண்டில் முழுக் குப்பமும் ஓர் எள்ளளவு. விளக்கம் அனுப்பினோம். அடுத்த கேள்வி வந்தது: துண்டுகள் அனைத்தையும் காகிதத்தில் அச்சிட்டு, மூன்று பிரதிகள் அனுப்பவும்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நைனா அச்சிட்டார். சரிபார்ப்பதற்காகத் தாழ்வாரத்தில் பரப்பியபோது தேசம்மாவும் குப்பத்துப் பெண்களும் உட்கார்ந்து துண்டோடு துண்டு சேர்த்தார்கள். "ஏய், இத்தான்டி என் வூடு, நீலத் தார்ப்பா!" "தள்ளிக் குந்து, என் கூரை மேல குந்திகினு கீற!" திடலில் வலைகள் விரிந்து கிடந்தது தெளிவாகத் தெரிந்தது. தேசம்மா அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்போது கடைநிலை ஊழியர் ஒருவர், அம்மாக்களுக்கு வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டார். கத்திவாக்கம் பறந்து மாடிப்படி இறங்கியது. அரைநாள் துரத்தினோம்.

மூன்று பிரதிகளும் போய்ச் சேர்ந்தன. "ஒரு மாசம்னு போட்டுக்கீது சார், வந்துடும்" என்று நைனா தினமும் தபால் வருகிற நேரத்தில் என் மேசை அருகே நிற்பார். கெடு முடிந்தது. 'காலி நிலம்' என்று குறித்து சாலைக்கு அனுமதி கொடுத்தார்கள். திடலில் ஜல்லி கொட்டிய அன்று தேசம்மா வந்து அவரைத் திட்டுவார் என்று பயந்தேன். "நீ இன்னா பண்ணுவ நைனா, வுடு" என்று ஒரு கூறு இறால் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம். அந்த மாதத்தோடு நைனாவின் ஒப்பந்தமும் முடிந்தது. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

தார் காய்ந்த பிறகு ஒப்புதல் வந்தது. தரையோடு ஒத்துப்போகாத படத்தைப் பக்கத்தில் ஏற்றக் கூடாது. அதற்கும் விதி இருக்கிறது, எனக்கு மனப்பாடம். ஏற்றச் சொன்னேன். பதினெட்டாம் நிலைக்குப் போனால், சாலைக் கோட்டுக்கு அடியில் இன்றும் வலை காய்கிறது. படத்தைத் தந்தவர் பெயர் போடும் வலது மூலையில், துறையின் பெயருக்குப் பதிலாக 'ஜூம் நைனா' என்று போடச் சொன்னேன். எங்கேயாவது ஒரு திரையில் மூக்கை இடித்துக்கொண்டு அவர் அதைப் பார்த்திருந்தால் போதும். ஒரு மாதத்துக்குள் வர வேண்டிய அந்தப் பதில் வந்த தேதியையும், குப்பத்தார் சொல்கிற கணக்கில், கீழே சேர்த்தோம்: மாசி மகத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.