சேசம்மாள் கூரையும் செம்பூர் மைப்பேனாவும்

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கூரைப் பழுது அனுமதிப் பிரிவு என்று ஓர் அலுவலகம் உண்டு. குடிசைப் பகுதியில் வசிக்கும் எவரும் தன் தலைக்கு மேலிருக்கும் தகரத்தை மாற்ற விரும்பினால் அங்கே போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காமல் மாற்றினால் ஜீப் வரும், ஆட்கள் இறங்குவார்கள், தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அந்த அலுவலகத்தில் தமிழ், மராட்டி, ஹிந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் காத்திருக்கலாம்.

பிரிவின் அதிகாரி கணேசபாண்டியன் மாட்டுங்காவாசி. கோடையில் ஒரு பேனாக் கண்காட்சிக்குப் போய்வந்தவர், நாட்டின் நிர்வாகம் நலிந்து போனதற்குக் காரணம் பால்பாயின்ட் பேனாதான் என்று கண்டுபிடித்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. "இனி இப்பிரிவின் கையெழுத்துகள் யாவும் மைப்பேனாவால் மட்டுமே இடப்படும். ஏனைய பேனாக்கள் உடனடியாக ஒப்படைக்கப்பட வேண்டும்." பால் பேனாக்கள் எல்லாம் சேகரிக்கப்பட்டு இரும்பு பீரோவில் பூட்டப்பட்டன. அதன் பிறகுதான் தலைமை எழுத்தர் விஜயலட்சுமி சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், இதுல நீங்க பால் பேனாவாலன்னா கையெழுத்துப் போட்டிருக்கேள்?"

"அதனால என்ன, என் இங்க் பேனாவால இன்னொரு தடவை போட்டுட்டாப் போச்சு."

"அது உங்க சொந்தப் பேனா சார். சர்க்கார் கையெழுத்தை சொந்தப் பேனாவால போட்டா, இது யார் வீட்டுக் கையெழுத்துன்னு ஆடிட்ல கேப்பா."

கணேசபாண்டியன் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே மைப்பேனா மற்றும் மைத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. குழு முடிவு சொல்லும் வரை எந்தப் பேனாவுக்கும் அதிகாரமில்லை. அலுவலகம் வழக்கம்போல் நடந்தது. வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

தெரிந்தது சேசம்மாளுக்கு மட்டும்தான். தாராவியில் தையல் மிஷின் போட்டு ஸ்கூல் பை தைக்கிறவள் அவள். பத்ரா என்று பம்பாய்த் தமிழர்கள் சொல்லும் கூரைத் தகரம் அவள் வீட்டில் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. போன மழையில் மிஷின் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இந்த வருஷமும் இறங்கினால் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பை கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். மிஷின் போனால் அவளுக்குச் சோறு இல்லை.

"உங்க பேப்பரெல்லாம் பக்காவா இருக்கும்மா. கையெழுத்துதான் பாக்கி," என்றார் விஜயலட்சுமி.

"சாரு போடுதேன்னு சொல்லிட்டாருல்லா?"

"சொல்லிட்டார். பேனா வரணும்."

"பேனாவா? இந்தாங்க மேடம், நல்லா எழுதும்." சேசம்மாள் பைக்குள்ளிருந்து ஒரு பால் பேனாவை எடுத்து நீட்டினாள்.

விஜயலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தார். "முதல்ல அதை உள்ள வையுங்கோ. யாராவது பார்த்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

குழு உள்ளே கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது. பதவிக்கேற்ற நிப் என்பது முதல் தீர்மானம். அதிகாரிக்குப் பட்டை நிப், தலைமை எழுத்தருக்கு நடுத்தர நிப், மற்ற எழுத்தர்களுக்கு ஊசி நிப். பியூன் ஷாகிருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இல்லையென்பதால் அவருக்கு மூடி மட்டும் வழங்கப்பட்டது. அது அதிகாரியின் பேனா மூடி. ஆகவே கணேசபாண்டியன் எழுதி முடித்ததும் ஷாகிர் ஓடிவந்து மூட வேண்டும். ஷாகிர் டீ வாங்கப் போனால் நிப் காய்ந்து நிர்வாகம் நிற்கும்.

அடுத்தது மை. விளக்கம் சொல்ல ஒரு பேனாக் கடைக்காரரை வரவழைத்திருந்தார்கள்.

"ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு அழியாத மை. தண்ணியில விழுந்தாலும் போகாது. ஆனா தினம் எழுதணும். எழுதாம வச்சா நிப் அடைச்சுக்கும்."

"தினமுமா?" என்றார் கணேசபாண்டியன்.

"தினமும் சார்."

குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு?"

"கழுவினா போற மை. மாசக்கணக்கா சும்மா வச்சாலும் பேனாவுக்கு ஒண்ணும் ஆகாது. சட்டையில பட்டாலும் தோபி எடுத்துடுவான்."

கழுவினால் போகிற மை ஏகமனதாகத் தேர்வாயிற்று. நீல நிறம். பேனாக்கள் வந்தன, கசிந்தன. எல்லோர் பாக்கெட்டுக்குக் கீழேயும் நீலக் கறை படர்ந்தது. சட்டையில் கறையில்லாதவன் பதவியில்லாதவன் என்று ஆகிவிட்டதால் தோபிக்குப் போடுவதையே நிறுத்தினார்கள். மூடி மட்டும் வைத்திருந்த ஷாகிர் வீட்டில் சொட்டு நீலம் போட்டுக்கொண்டு வந்தார். மாட்டுங்காவில் வேலை தேடும் பையன்கள்கூடக் கறையோடு நடமாட ஆரம்பித்தார்கள்.

முதல் கையெழுத்து சேசம்மாளுக்கு என்று முடிவாயிற்று. மை பாட்டிலுக்கு மாலை போட்டார்கள். கணேசபாண்டியன் பட்டை நிப்பால் காகிதத்தின் பாதியை அடைத்துக் கையெழுத்திட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். சேசம்மாள் அதை வாங்கி ஊதி ஊதிக் காயவைத்தாள், பிறகு மும்பைக்காரியல்லவா, பிளாஸ்டிக் கவரை எடுத்தாள்.

"கூடாது!" என்றார் கணேசபாண்டியன். "மை மூச்சு விடணும். வீட்டுச் சுவர்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டுங்க. இது ரூல்."

அவள் அப்படியே மாட்டினாள். பத்ரா மாற்ற மறுநாள் ஆள் வருவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மிஷினுக்குத் தாட்பத்ரித் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதிகாரியின் கையெழுத்து நீலமாகச் சுவரில் வழிந்து தரைக்கு வந்திருந்தது. சேசம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளைக் காகிதத்தோடு செம்பூர் போனாள்.

"இதுல கையெழுத்து இல்லையேம்மா," என்றார் விஜயலட்சுமி.

"இருந்துச்சு மேடம். நீங்கதான பக்கத்துல நின்னு கைதட்டுனிய?"

"நான் தட்டினது ஞாபகம் இருக்கு. பேப்பர்ல இல்லையே. எங்க மாட்டினேள்?"

"சொவத்துலதான். மேல ஒழுகி அழிஞ்சு போச்சு."

"ஒழுகாத வீட்டுலன்னா மாட்டியிருக்கணும்?"

"ஒழுகாத வீடுன்னா எனக்கு எதுக்கு மேடம் இந்தக் காயிதம்?"

இந்தக் கேள்வி விதிகளில் இல்லாததால் விஜயலட்சுமி காகிதத்தை அதிகாரியிடம் கொண்டுபோனார். கணேசபாண்டியன் ரொம்ப வருத்தப்பட்டார், தன் கையெழுத்துக்காக. இரண்டாவது கையெழுத்து வேண்டுமென்றால், அது மாட்டப்படும் சுவர் ஈரமில்லாதது என்று ஆய்வாளர் சான்று தர வேண்டும் என்று உத்தரவிட்டார். அதாவது கூரை மாற்ற அனுமதி வேண்டுமென்றால் முதலில் கூரையை மாற்ற வேண்டும்.

சேசம்மாள் மாற்றினாள். மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல், அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிவந்து புது பத்ரா போட்டுவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

ஆய்வாளர் வேல்ராஜ் வந்தபோது நல்ல மழை. அவர் சுவரைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தலைக்கு மேல் தடதடவென்று ஒரே இரைச்சல்.

"என்ன இவ்வளவு சத்தம்?"

"புது பத்ரா சார்," என்று சேசம்மாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"அது என் ஃபார்ம்ல இல்ல. எனக்கு சுவர் மட்டும்தான்," என்று வேல்ராஜ் அண்ணாந்து பார்க்காமலே சான்று கொடுத்தார்.

கையெழுத்து வந்தது, சுவரில் ஏறியது, அழியாமல் நின்றது. அடுத்த வாரம் ஜீப்பும் வந்தது. இறங்கியவர் வேல்ராஜ்.

"அனுமதிக்கு முன்னாடியே கூரை மாத்தியிருக்கீங்க. பிடுங்கணும்."

"நீங்கதான சார் வந்து எல்லாம் பாத்துட்டுப் போனிய?"

"அன்னைக்கு சுவர் ஆய்வாளரா வந்தேன். இன்னைக்கு இடிப்புப் படைக்குத் தலைவரா வந்திருக்கேன். பார்த்தவன் வேற, பிடுங்கறவன் வேற."

ஆட்கள் கடப்பாரையோடு மேலே ஏறிவிட்டார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேசம்மாள் மிஷினைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"பிடுங்குங்க சார். ஆனா சாரு கையெழுத்து நனைஞ்சுரும். பொறவு என்னையக் கேக்கப்படாது."

வேல்ராஜ் கையை உயர்த்தினார். கடப்பாரை நின்றது. செம்பூருக்கு போன் போட்டார்.

"எந்த நிப்?" என்றது மறுமுனை.

"பட்டை நிப் சார். சாட்சாத் உங்களோடதுதான்."

அவசரக் குழு கூடியது. அன்றே உத்தரவு பிறந்தது. "மேற்படி கூரை அனுமதியற்றது. எனினும் அதன் கீழ் அதிகாரியின் செல்லத்தக்க கையெழுத்து ஒன்று வசித்து வருவதால், அக்கூரையை எவரும் அகற்றலாகாது. மேற்படி பெண்மணி, கையெழுத்துக்கு இடைஞ்சல் இல்லாத அளவில், அங்கேயே தங்கிக்கொள்ளலாம்."

இப்போது வேல்ராஜ் அடிக்கடி தாராவிக்கு வருகிறார். கையெழுத்து நன்றாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார். சோறு வடிக்கும்போது ஆவி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஒருமுறை சேசம்மாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவர் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் பரவிவிட்டது. செம்பூர் வரிசையில் இன்று யாரும் கூரையைப் பற்றிப் பேசுவதில்லை. வெள்ளைத் தாளை நீட்டி ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள், வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டுகிறார்கள். வடாலாவிலிருந்து, பாண்டுப்பிலிருந்து, கல்யாணிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கணேசபாண்டியன் இப்போது தினமும் எழுதுகிறார்.

எனக்கு மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் வீடு. சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. இருந்தாலும் எல்லோரும் வாங்குகிறார்களே, ஒன்று இருக்கட்டும் என்று நானும் வரிசையில் நின்று வாங்கிவந்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். மழை ஆரம்பித்ததிலிருந்து சாரல் படும் என்று ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறோம். ஈரக் காற்று ஆகாது என்பதால் மின்விசிறியும் போடுவதில்லை. வீட்டில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கையெழுத்து சௌக்கியமாக இருக்கிறது.