வேலிக்கு அந்தப் பக்கம் அணு உலை

செவ்வாய்க் கிரகத்துக்காரன் படையெடுத்து வந்தால் எதிர்த்து நிற்கத் தயாராக இருந்த ஒரே ஊர் தென்காசிதான். காரணம், கப்பல் அண்ணாச்சி. பிழைப்புக்கு வீட்டு பிளான் வரைவார். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில், கிரகம் விட்டுக் கிரகம் போய்ச் சண்டை போடும் அணுசக்திப் போர்க்கப்பல் ஒன்றை வரைந்துகொண்டிருப்பார். யார் கேட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சினிமாவில் வரும் கப்பலைக் கண்டால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். "காத்தே இல்லாத எடத்துல றெக்கை எதுக்கு அண்ணாச்சி? சண்டைக்குப் போறவனுக்கு ஜன்னல் எதுக்கு?" என்பார், ஏதோ நான்தான் ஜன்னல் வைத்த மாதிரி.

ஒரு சாரல் சமயம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கிறேன். பக்கத்தில் இருந்து அவர் குரல். "உடம்புச் சூட்டை இந்தத் தண்ணி கொண்டு போயிருது. அங்கன தண்ணியும் இல்ல, காத்தும் இல்ல. அணு உலைச் சூட்டை எங்கன கொண்டு தள்ள?" அருவிச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தியதில், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நாலு பேர் மெல்ல ஒதுங்கிப் போனார்கள். சூட்டை வெளியே வீச வீட்டுக்கூரை மாதிரிப் பெரிய தகடுகள் வேண்டுமாம். எதிரி முதலில் சுடுவதும் அதைத்தானாம். அந்தக் கவலையில் மனுஷன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

இப்பேர்ப்பட்டவரிடம் என் வீட்டு பிளானைக் கொடுத்தேன் என்றால் என்னை என்ன சொல்வது? அடுப்படியை மனையின் கடைக்கோடிக்குத் தள்ளியிருந்தார். "சூடு வார எடமும் ஆள் படுக்க எடமும் தள்ளித்தான் இருக்கணும்" என்றார். என் மனைவி முறைத்த முறைப்பில் திருத்திக் கொடுத்தார்.

வாஸ்து பூஜை நாள் வந்தது. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போன என் மனைவி ஆசையாய்க் காத்திருந்த நாள். நேரம் தவறினால் அடுத்த வாஸ்து நாள் வரை பொறுக்க வேண்டும். தேங்காய் பழத்தோடு மனையில் போய் இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டோம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்காகக் கொத்தனார் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருந்தார். ஹால் இல்லை, அடுப்படி இல்லை. குழாய் மாதிரி நீளமாக ஒன்று, குறுக்கே தடுப்புத் தடுப்பாக, வேலியில் போய் முட்டி நின்றது.

"என்ன வே இது?"

"பிளான்ல உள்ளதத்தான் போட்டேன். யோசிக்காம அப்படியே போடணும்னு அண்ணாச்சிதான் சொல்லியிருக்காவ" என்றார் கொத்தனார். "வேலிக்கு அங்கிட்டு யாரு எடம்? அணு உலைன்னு ஒண்ணு அங்கன வருது."

என் மனைவி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வீடும் கப்பலும் ஒரே ஃபைலில் இருந்ததாம். அவசரத்தில் கொத்தனார் போனுக்குப் போனது கப்பல். நான் அண்ணாச்சியைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டினேன். சரியான பிளானோடு ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

"இத அழிச்சிட்டு வீட்டைப் போடும் வே, நேரம் போவுது" என்றேன்.

அண்ணாச்சி அசையவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் திரையில் சின்னதாகப் பார்த்த கப்பலை அவர் முழு அளவில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அழிக்கதுக்கு முன்னால ஒரு நடை நடந்து பாத்துக்கிடுதேன், அண்ணாச்சி" என்றார்.

பூஜைக்கு வந்த ஐயர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"போயிட்டு வரட்டும். சீக்கிரமா வரச் சொல்லுங்க" என்றாள் அவள்.

வேலி ஓரத்தில் இருந்து நடந்தார். எந்தக் கோட்டையும் மிதிக்கவில்லை. தடுப்புகளில் வழி விட்டிருந்த இடத்தில் மட்டும், குனிந்து குனிந்து நுழைந்தார். மறுகோடிக்குப் போய்த் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. கதவு குட்டை. தலைய இடிச்சிராதிய."

அப்புறம் அவரே ஓடி ஓடி வீட்டுக்குக் கோடு போட்டதும், நேரம் முடிகிற தறுவாயில் பூஜை நடந்ததும் இருக்கட்டும். அந்த வெட்டவெளியில், ஐயரும் கொத்தனாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்துதான் உள்ளே போனேன். அந்த மனுஷனின் கப்பலுக்குள் நிமிர்ந்து நடக்க எனக்கு மனசு வரவில்லை.